மிருதங்கப் பதிவு: தொப்பி குமுறுகிறது, ‘நம்’ காணவில்லை. மைக்கை எங்கே வைப்பது?

பிப்ரவரி 3 | கேள்வி

வீட்டு அறையில் தனி ஆவர்த்தனம் பதிகிறோம். ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டு. வலந்தலையில் (வலக்கைப் பக்கத் தோல்) சாதத்தின், அதாவது கருப்புப் பூச்சின், நடுவுக்கு நேராக ஒன்று, தொப்பியில் (இடக்கைப் பக்கத் தோல், இடந்தலை) அப்பியிருக்கும் ரவைக்கு நேராக ஒன்று, இரண்டும் தோலிலிருந்து 5 சென்டிமீட்டர். தொப்பி குமுறுகிறது, ஈக்யூவில் (சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 150 ஹெர்ட்ஸைச் சுற்றி வெட்டினால் உயிரே போய்விடுகிறது. வலந்தலையில் ‘தி’ என்ற அடி நன்றாக விழுகிறது, ‘நம்’ என்ற அடி மட்டும் வெறும் தட்டுச் சத்தமாக இருக்கிறது, நாதம் இல்லை. வாசிப்பவர் நேரில் வாசிக்கும்போது ‘நம்’ கணீரென்று கேட்கிறது. கண்டென்சர் மைக் வாங்கினால் சரியாகுமா?

பிப்ரவரி 3, இரவு

வாங்க வேண்டாம். இருக்கிற மைக்கே போதும், இடம்தான் தவறு. இரண்டு குறைக்கும் காரணம் வேறு வேறு, தனித்தனியாகப் பார்ப்போம்.

தொப்பி. எஸ்எம்57 மாதிரி முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்ட் மைக்கை ஒலி எழும் இடத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் கீழ்ச் சுரங்கள் தாமாகவே ஊதிப் பெருகும். 5 சென்டிமீட்டரில் அது மிக அதிகம். போதாததற்கு, உள்ளங்கை தொப்பியில் விழும்போது தோலுக்கும் கைக்கும் நடுவில் இருந்த காற்று வெளியே தள்ளப்பட்டு நேரே மைக்கின் வாயில் அடிக்கிறது. நீங்கள் கேட்கும் குமுறலில் ஒரு பகுதி தொப்பியின் சத்தமே அல்ல, காற்றடி. ஈக்யூவில் வெட்டினால் காற்றடியோடு தொப்பியின் கனத்த நாதமான கும்காரமும் சேர்ந்து போகும். அதனால்தான் உயிர் போகிறது.

மைக்கைத் தோலிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்துக்குத் தள்ளுங்கள். ரவைக்கு நேராக வைக்காமல், வாசிப்பவரின் முன்பக்கமாக 30 பாகை விலக்கி, விளிம்புக்கும் ரவைக்கும் இடைப்பட்ட தோலைப் பார்க்கும்படி திருப்புங்கள். ஸ்பாஞ்ச் உறை ஒன்று போடுங்கள். இப்போது ஈக்யூவை எல்லாம் நேராக்கிவிட்டுக் கேளுங்கள்.

‘நம்’ பற்றி நாளை. அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், எதிரொலி குறையும்.

பிப்ரவரி 4

‘நம்’ எப்படி விழுகிறது என்று ஒரு முறை உற்றுப் பாருங்கள். மோதிர விரல் சாதத்தின் ஓரத்தில் மெல்லத் தொட்டபடி இருக்கிறது. ஆள்காட்டி விரல் மீட்டுத் தட்டின் (தோலின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் வளையம்) விளிம்பில் அடிக்கிறது. தொட்டிருக்கும் அந்த விரலால் தோல் மொத்தமாக மேலும் கீழும் போக முடிவதில்லை. விரல் தொடும் இடத்தின் வழியாகத் தோலின் குறுக்கே ஒரு அசையாக் கோடு விழுகிறது; அதன் ஒரு பக்கம் மேலே எழும்பும்போது மறுபக்கம் கீழே இறங்குகிறது. ஏற்றமரம் மாதிரி.

சாதம் பூசிய தோலில் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமைகின்றன என்பதை சி.வி. ராமன் 1920-ல் நேச்சர் இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிய குறிப்பிலும், பிறகு 1934-ல் எழுதிய விரிவான கட்டுரையிலும் காட்டினார். ‘நம்’மில் நாம் கேட்கும் கணீர் பெரும்பாலும் இரண்டாவது மடங்கு; ஒரு அசையாக் கோட்டோடு தோல் அதிரும்போது எழுவது அதுதான்.

இப்போது மைக்கின் இடத்துக்கு வருவோம். தோலின் நடுவுக்கு நேர் எதிரே ஒரு மைக் இருந்தால், மேலே எழும் பாதியும் கீழே இறங்கும் பாதியும் அதற்குச் சம தூரம். ஒன்று காற்றைத் தள்ளுகிறது, இன்னொன்று இழுக்கிறது. இரண்டும் மைக்கில் வந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது விரல் பட்ட தட்டுச் சத்தம் மட்டும். ‘தி’ அப்படி அல்ல: அதில் விரல்கள் சாதத்தின் நடுவில் விழுகின்றன, அந்தத் தட்டு நடுவில்தான் முழுசாகக் கேட்கும். உங்களுக்கு ‘தி’ நன்றாக வந்து ‘நம்’ காணாமல் போவதற்கு இதுதான் காரணம். மைக் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ‘நம்’மின் நாதம் வந்து சேரவில்லை.

செய்ய வேண்டியது: மைக்கைத் தோலிலிருந்து 18 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, நடுவிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். எந்தப் பக்கம்? ஆள்காட்டி விரல் அடிக்கும் பக்கம், அல்லது அதற்கு நேர் எதிர்ப் பக்கம். மோதிர விரல் தொடும் கோட்டின் மேலேயே நகர்த்தினால் பயன் இல்லை, அசையாக் கோடு அங்கும் தொடர்கிறது. கை மேலிருந்து இறங்குவதால் எதிர்ப் பக்கம், அதாவது கீழ்ப்புறம், பெரும்பாலும் வசதி. கையும் மைக்கில் இடிக்காது.

பிப்ரவரி 4, சற்றுக் கழித்து

சோதிக்க ஜதி, கோர்வை எல்லாம் வேண்டாம். முதல் பாடம் போதும்: த, தி, தொம், நம். ஒவ்வொன்றும் எட்டு முறை, ஒரே வேகம், ஒரே அழுத்தம். ‘த’வும் ‘தொம்’மும் இடந்தலை, ‘தி’யும் ‘நம்’மும் வலந்தலை. ஒவ்வொரு கையிலும் ஒரு மூடிய அடி, ஒரு திறந்த அடி. மைக் ஒரு இடத்தில் இருக்கும்போது நான்கும் நேரில் கேட்ட விகிதத்தில் பதிவிலும் கேட்டால் அந்த இடம் சரி. ஒன்று முந்தினாலோ பின்தங்கினாலோ மைக்கை நகர்த்துங்கள், குமிழைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

அதற்குப் பிறகு வலந்தலையின் சாப்பு, அரைச்சாப்பு என்ற அடிகள். கெயினை வைப்பது சாப்பைக் கேட்டுத்தான். எல்லாவற்றையும்விட முழங்கிக்கொண்டு மேலே போவது சாப்பு. அது மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் இருந்தால் ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கும் இடம் இருக்கும். முடிவில் வரும் தீர்மானத்தில் வாசிப்பவரின் கை தானாகவே ஏறும்.

பிப்ரவரி 6 | கேட்டவர்

‘நம்’ வந்துவிட்டது! கீழ்ப்புறம் 6 செ.மீ. நகர்த்தியதும் கணீரென்று விழுகிறது. தொப்பியும் தெளிந்திருக்கிறது. ஆனால் இரண்டு டிராக்கையும் சேர்த்துக் கேட்டால் ‘தொம்’ மெலிகிறது. தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. தொப்பி டிராக்கை இரண்டு மில்லி விநாடி முன்னால் இழுத்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார்.

பிப்ரவரி 6, இரவு

இழுக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

மிருதங்கத்தின் நீளம் 22 முதல் 24 அங்குலம், 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வலந்தலை மைக் 20, தொப்பி மைக் 25. வலந்தலையின் ஒலி தன் மைக்குக்கு 20 சென்டிமீட்டர் போகிறது, தொப்பி மைக்குக்கு 85 போகிறது. வித்தியாசம் 65, அதாவது 1.9 மில்லி விநாடி தாமதம். தொப்பி டிராக்கை அவ்வளவு முன்னால் இழுத்தால் வலந்தலையின் கசிவு நேராகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொப்பியின் ஒலி வலந்தலை மைக்கில் கசிவதும் ஏறத்தாழ அதே அளவு தாமதமாகத்தான் வருகிறது. நீங்கள் இழுத்ததில் அந்தத் தாமதம் இரண்டு மடங்காகிவிடும். ஒரு பக்கம் சரிசெய்ய இன்னொரு பக்கம் கெடும். இரண்டு தலையும் ஒலி எழுப்பும் வாத்தியத்தில் டிராக்கை இழுத்து வைத்து இரண்டையும் நேராக்க வழியே இல்லை.

‘தொம்’ மெலிவதற்குக் காரணம் வேறு. தொப்பியில் அடி விழுந்ததும் தோல் உள்ளே போகிறது. மரத்துக்குள் அடைபட்ட காற்று அழுந்தி மறுமுனையில் வலந்தலையை வெளியே தள்ளுகிறது. ஆக, ஒரே நொடியில் தொப்பி மைக்கை விட்டு தோல் விலகுகிறது, வலந்தலை மைக்கை நோக்கித் தோல் வருகிறது. ஒரு டிராக்கில் அலை கீழே தொடங்கும், இன்னொன்றில் மேலே தொடங்கும். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். சேர்த்தால் கீழ்ச் சுரம் அழியும்.

ஏதாவது ஒரு டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்துங்கள். ‘தொம்’ திரும்பி வரும்.

பிப்ரவரி 7 | வேறொரு வாசகர்

அழுத்திப் பார்த்தேன். தனி ‘தொம்’ கனத்தது உண்மை. ஆனால் தாம், தீம் என்று இரண்டு கையும் சேர்ந்து விழும் இடங்களில் முன்பு இருந்த பலம் போய்விட்டது.

பிப்ரவரி 7, மாலை

இவர் சொல்வது சரி. நேற்று நான் எழுதியது பாதிதான்.

ஒரு கை மட்டும் அடிக்கும்போது ஒரு தோல் உள்ளே, மற்றது வெளியே. இரண்டு கையும் சேர்ந்து அடிக்கும்போது இரண்டு தோலும் ஒரே சமயம் உள்ளே போகின்றன. அப்போது இரண்டு மைக்கிலும் அலை ஒரே திசையில் தொடங்குகிறது. போலாரிட்டியைத் திருப்பிவிட்டால் இந்தக் கூட்டுச் சொற்களில் ஒன்றை ஒன்று அழிக்கும். இரண்டு தலைக்கும் சுருதி வேறு என்பதால் நாதம் முழுக்க அழியாது, தொடக்க அடியின் பலம்தான் போகும். ஆனால் மிருதங்கத்தில் தொடக்க அடிதானே பாதி!

அப்படியானால் என்ன செய்வது? பட்டன் இரண்டு நிலையில் எதுவாக இருந்தாலும் ஒன்று கெடும். சண்டை நடப்பது கீழ்ச் சுரத்தில் மட்டும். எனவே வலந்தலை மைக்கில் கீழ்ச் சுரமே வராமல் தடுத்துவிடுங்கள்: 80-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குள் லோ கட் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி), ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரிவு. தொப்பியின் கும்காரம் தொப்பி மைக்கின் பொறுப்பு மட்டும் ஆகிவிடும். அதற்குப் பிறகு பட்டனை இரு நிலையிலும் வைத்து, மோனோவில், தனி ‘தொம்’ பத்து, கூட்டுச் சொல் பத்து. வித்தியாசம் மிகவும் சிறுத்துப் போயிருக்கும். எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வலந்தலையின் ‘தீம்’ மெலியத் தொடங்கினால் லோ கட் எல்லையைக் கீழே இறக்குங்கள். 1 கட்டைச் சுருதிக்குச் சேர்த்த 24 அங்குல மிருதங்கத்துக்கும் 5 கட்டைக்குச் சேர்த்த 22 அங்குலத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. 1 கட்டை ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், 5 கட்டை 196. சுருதிக் கட்டை ஏறினால் லோ கட் எல்லையையும் தாராளமாக ஏற்றலாம்.

தொப்பி மைக்கில் 40-க்கு மேல் லோ கட் வைக்க வேண்டாம்.

பிப்ரவரி 8

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “இயற்கையாக இருக்கும், அரை மீட்டர் தள்ளி வை” என்று ஒரு பேச்சு உண்டு. ஒற்றை மைக்குக்கு அது நல்ல யோசனை, இரண்டு மைக்குக்கு அல்ல. மைக் 20 செ.மீ.யில் இருக்கும்போது எதிர் மைக்கில் கசிவு 12 டெசிபெலுக்கு மேல் தாழ்ந்து வருகிறது. சேர்க்கும்போது ஏற்ற இறக்கம் சுமார் 2 டெசிபெல்தான். இரண்டையும் 50-க்குத் தள்ளினால் கசிவு 7 டெசிபெல் மட்டுமே தாழ்ந்திருக்கும். பள்ளம் 5 டெசிபெல் ஆழத்துக்குப் போகும். மரம் நடுவில் மறைப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை, மேற்சுரங்களில் அது கொஞ்சம் காப்பாற்றும்.

மூன்றுக்கு ஒன்று விதி என்று சொல்வார்களே, அதன் பொருள் இதுதான்: மைக்கிலிருந்து தன் தலை இருக்கும் தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருக்க வேண்டும். மிருதங்கம் 60 செ.மீ. நீளம் என்பதால் 25 செ.மீ. வரை நாம் விதிக்குள்தான் இருக்கிறோம். ஒரே ஒலியைப் பிடிக்கும் ஸ்டீரியோ ஜோடிக்கு இந்த விதியைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரே மைக்தான் இருக்கிறது என்றால்: வாசிப்பவருக்கு முன்னே, மரத்தின் நடுவுக்கு நேராக, 60 முதல் 75 செ.மீ. தள்ளி, 45 செ.மீ. உயரத்தில் வைத்து மிருதங்கத்தைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். தலைகள் இரண்டும் பக்கவாட்டில் பார்ப்பதால் விரல் படும் கூர்மை இங்கே குறைந்துதான் வரும். இந்த இடத்தில் மட்டும் சின்ன கண்டென்சருக்கு, நாய்மன் கேஎம்184 மாதிரியானவற்றுக்கு, எஸ்எம்57-ஐவிட உண்மையான ஆதாயம் இருக்கிறது. தொப்பி அதிகமானால் குமிழைத் திருப்பாமல் மைக்கை வலந்தலைப் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள்.

பிப்ரவரி 9 | திருத்தம்

முதல் நாள் ஜமுக்காளம் விரிக்கச் சொன்னேன். விரிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் நான் சொன்ன காரணம் தவறு. ஜமுக்காளம் மெல்லிய பருத்தி. மேற்சுரங்களின் தெறிப்பைக் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான்.

உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியத்துக்குத் தரை மிகப் பக்கம். தோலின் நடு 20 செ.மீ. உயரம், மைக்கும் 20 உயரம், இடைவெளி 20 என்றால், நேராக வரும் ஒலி 20 செ.மீ. நடக்கிறது, தரையில் பட்டு வருவது 45 நடக்கிறது. 25 செ.மீ. வித்தியாசத்தில் 700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் முதல் பள்ளம் விழும். எல்லாத் திசையும் கேட்கும் ஓம்னி மைக்கில் 5 டெசிபெல் ஆழம், கார்டியாய்டில் மூன்றரை. மீட்டின் உடம்பு இருக்கும் இடம் அது. 700 ஹெர்ட்ஸை ஜமுக்காளம் தொடாது, அதற்குக் கனம் வேண்டும். நான்கு அங்குலப் பஞ்சு மெத்தையை மைக்குக்கும் வாத்தியத்துக்கும் இடையே தரையில் போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

மெத்தை இல்லையா? மைக்கைத் தரையிலிருந்து 8 செ.மீ.க்கு இறக்கி, 60 பாகை மேல்நோக்கித் திருப்புங்கள். கார்டியாய்டின் செவிட்டு முதுகு தரைப்பக்கம் சாயும். பள்ளம் 1,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும், ஆழமும் 2 டெசிபெலுக்குள் அடங்கும். ‘நம்’முக்காகக் கீழ்ப்புறம் நகர்த்தச் சொன்னதோடு இது ஒத்தும் போகிறது.

பலகை மேடை மீது உட்கார வைத்தால் தாளம் போடும் தட்டல், கால் மாற்றும் அசைவு எல்லாம் ஸ்டாண்ட் வழியே ஏறும். ஸ்டாண்டை மேடைக்கு வெளியே தரையில் நிறுத்தி, பூம் கையை நீட்டிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11 | கேள்விகள் சேர்ந்துவிட்டன, சுருக்கமாக

கடம்: நிலைமையே வேறு. வயிற்றுப் பகுதிக்கு எதிரே 25 செ.மீ.யில் ஒரு மைக் விரல் நடையைப் பிடிக்கும். கும்காரம் கடத்தின் வாயிலிருந்து வருகிறது. வாய் வாசிப்பவரின் வயிற்றைப் பார்த்து இருக்கிறது. இரண்டாவது மைக்கை மேலிருந்து, மார்புக்கும் கடத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்து 12, 15 செ.மீ.யில் இறக்குங்கள். சட்டைப் பொத்தான் கடத்தில் உரசினால் அதுவும் பதிவாகும்.

கஞ்சிரா: கையில் பிடித்து ஆட்டும் வாத்தியம், தூரம் மாறிக்கொண்டே இருக்கும். 10 செ.மீ.யில் வைத்தால் ஒவ்வொரு அசைவிலும் ஒலி ஏறி இறங்கும். 20-க்குக் குறைக்காதீர்கள்.

நாதஸ்வரம்: அணசுக்குள் (கீழ்முனைப் புனல்) மைக்கை நுழைப்பதுதான் பெரிய தவறு. ஒலி திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது, அணசிலிருந்தும் வருகிறது. அணசில் மட்டும் கேட்டால் சுரத்துக்குச் சுரம் குரல் மாறும். ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி, துளைகளின் நடு உயரத்தில் வையுங்கள். தவில் கூட இருந்தால் நாதஸ்வர மைக்கின் முதுகு தவிலைப் பார்க்கட்டும்.

வீணை: குடத்தின் மேல்பலகைக்கு 30 செ.மீ. மேலே. கமகம் இழுக்கும்போது மெட்டில் தந்தி உரசும் ஓசை அதிகமானால் குடத்தின் ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

பிப்ரவரி 12 | கேட்டவர்

எல்லாம் சரியாக இருந்தது. இன்று ஒரு மணி நேரம் பதிந்தோம். கடைசி டேக்கில் தொப்பி மேலே ஏறி, காய்ந்த குரலாக இருக்கிறது. மைக்கைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 12, இரவு

ஏசி ஓடியதா? ரவை காய்ந்திருக்கிறது. தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பிய ரவையின் பாரம்தான் தொப்பியைக் கீழே இறக்கி வைக்கிறது. ஈரம் போகப் போகப் பாரம் குறைந்து சுருதி ஏறும், கும்கியின், அதாவது தொப்பியைத் தேய்த்து எழுப்பும் கும்காரத்தின், இழுவை போய்விடும். காய்ந்த ரவை விளிம்பிலிருந்து உதிர்ந்து, தோலில் சிறு சிறு துகளாகத் துள்ளும். 25 செ.மீ.யில் இருக்கும் மைக்குக்கு அது ‘டிக் டிக்’ என்று நன்றாகவே கேட்கும். முந்தைய டேக்கின் நிசப்தமான இடங்களைப் போட்டுப் பாருங்கள், அங்கேயே தொடங்கியிருக்கும்.

ஏசி அறையில் அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி, விரலை நனைத்து ரவையைத் தடவிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதிகம் நனைத்தால் ஈரம் தோலுக்கு இறங்கி ஒலி செத்துப்போகும். வலந்தலையும் உலர்ந்து ஏறும், கல்லும் குச்சியும் எடுத்துச் சுருதி சேர்ப்பார்கள். அந்த நேரம் மைக்கை மூடிவிடுங்கள், ஹெட்ஃபோன் போட்டவர் காதில் கல் விழும். சுருதிப் பெட்டியின் ஒலியும் வாசிப்பவருக்கு ஹெட்ஃபோனில்தான் போக வேண்டும். அறையில் ஒலித்தால் வெட்டி ஒட்டும் இடமெல்லாம் அது காட்டிக்கொடுக்கும்.

புது ரவை அப்பினால் அது புது தொப்பி. ஒரே அளவு உருண்டையாக இருந்தாலும் சரி, முன் எடுத்த டேக்கோடு ஒட்டுவதற்கு முன் த, தி, தொம், நம் நான்கையும் பதிந்து, பழைய நான்கோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

பிப்ரவரி 13

நேற்று விட்டுப்போனது. மைக் இருக்கும் இடத்தை அடுத்த நாளைக்குக் குறித்து வைக்க ஃபோனில் படம் எடுப்பது போதாது, கோணம் ஏமாற்றும். 20 செ.மீ.யில் ஒன்று, 25-ல் ஒன்று என்று இரண்டு தென்னை ஈர்க்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டுத் தட்டின் விளிம்பிலிருந்து மைக்கின் வலை வரை வைத்து அளந்தால் முடிந்தது. வாசிப்பவர் உட்கார்ந்து, மிருதங்கம் அவர் கால் மேல் ஏறிய பிறகுதான் அளக்க வேண்டும். தரையில் படுத்திருக்கும்போது அளந்தால் தலை நிற்கும் உயரமே வேறு.